நடந்ததை எங்கே எழுதுவது?

கீழக்குயில்குடிக்கு நான் போவது பெரும்பாலும் வெளியூர் விருந்தாளிகளோடுதான். மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால் எல்லாம் முடிந்த பிறகும் ‘வேற என்ன இருக்கு?’ என்று கேட்பவர்களுக்கு நான் கைவசம் வைத்திருக்கும் பதில், சமணர் மலை. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக்குளம், விழுதுவிட்ட ஆலமரம். எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் போட்டோ நன்றாக விழும்.

இந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தனியாகப் போனேன். படியேறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். அவற்றுக்குக் கீழே ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட வட்டெழுத்துகள். நம்மால் படிக்க முடியாது. படித்தவர்கள் சொன்னதைத்தான் தெரிந்துகொள்ள முடியும். இன்னார் இன்னாருக்காகச் செய்வித்த திருமேனி என்பதுதான் பெரும்பாலும் விஷயம். குணசேனதேவர் என்ற ஆசிரியரின் பெயர் வருகிறது. அவருடைய மாணாக்கர்களின் பெயர்கள் வருகின்றன. அச்சணந்தி என்ற துறவியின் அம்மா குணமதியார் செய்வித்த சிற்பம் ஒன்றும் உண்டு. இன்னும் மேலே போனால் மாதேவிப் பெரும்பள்ளி இருந்த இடம். சமணத் துறவிகள் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். அங்கேயே பாடமும் நடந்ததால்தான் நமக்குப் பள்ளிக்கூடம் என்ற சொல்லே கிடைத்தது என்பார்கள்.

ஆசிரியர் பெயர் இருக்கிறது, மாணவர் பெயர் இருக்கிறது. என்ன பாடம் நடந்தது, யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்பதுதான் இல்லை. இப்படி யோசித்துக்கொண்டே இறங்கியபோது ஆலமரத்தடியில் டீச்சரைப் பார்த்தேன்.

டீச்சர் என் பழைய பழக்கம். மதுரைக்கு மேற்கே ஓர் ஈராசிரியர் பள்ளியின் தலைமையாசிரியை. ஐம்பதைத் தாண்டியவர். ஞாயிறு காலைகளில் இங்கே நடக்க வருவார். அன்று நடக்கவில்லை. மடியில் நோட்டு.

“என்ன தம்பி, இன்னைக்கு விருந்தாளி யாரையும் காணோம்?”

“ஞாயித்துக்கிழமையும் நோட்டுத் திருத்துறீங்களா டீச்சர்?”

“திருத்தல, எழுதுறேன். நாளைக்கு மூணாம் பருவம் ஆரம்பம்ல.”

ஒன்றல்ல, இரண்டு நோட்டு. பெரியது பாடக் குறிப்பேடு. அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, கோடு கிழித்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. இன்னொன்று மூலை மடங்கிய நாற்பது பக்க நோட்டு. நான் கையை நீட்டியதும் பெரியதைக் கொடுத்தார். சின்னதைத் தொடையடியில் வைத்துக்கொண்டார்.

இந்தப் பத்தியில் சினிமாவுக்கும் புத்தகத்துக்கும் விமர்சனம் எழுதியிருக்கிறேன். இந்த வாரம் பாடக் குறிப்பேட்டுக்கு. தமிழில் ஏராளமானவர்கள் எழுதி, அநேகமாக யாருமே படிக்காத இலக்கிய வகை ஒன்று உண்டென்றால் அது இதுதான். மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் இதை எழுதுகிறார்கள். ஒரு பச்சை மைக் கையெழுத்தோடு ஒவ்வொரு பக்கமும் மோட்சம் அடைந்துவிடுகிறது.

முதலில் வடிவம். கற்றல் விளைவு, ஆர்வமூட்டல், அறிமுகம், தொகுத்தல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், தொடர்பணி என்று வரிசையாகத் தலைப்புகள். ஒவ்வொன்றும் நல்ல விஷயம்தான். ஒரு பாடத்தை எப்படித் தொடங்கி, எப்படி முடித்து, புரியாத பிள்ளைக்கு மறுபடி என்ன செய்வது என்று முன்கூட்டி யோசிப்பதில் யாருக்கு ஆட்சேபணை இருக்க முடியும்?

அடுத்தது நடை. இங்கேதான் இடறுகிறது. ‘மாணவர்கள் அறிந்துகொள்வர்.’ ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்பர்.’ ‘மாணவர்கள் பிழையின்றி எழுதுவர்.’ எல்லா வினைச்சொல்லும் எதிர்காலம், எல்லா முடிவும் சுபம். இதில் ஒரு பையனும் தூங்குவதில்லை. ஒரு பெண்ணுக்கும் காய்ச்சல் வருவதில்லை. யாருக்கும் பெயரே இல்லை. ‘மாணவர்கள்’ என்ற ஒரே கதாபாத்திரம்தான் ஜூன் முதல் ஏப்ரல் வரை நடிக்கிறது. போதாக்குறைக்கு, யாரோ எங்கேயோ தயாரித்த குறிப்பு பி.டி.எஃப். ஆக வாட்ஸ்அப்பில் வருகிறது. அதைப் பார்த்துப் பலர் கையால் எழுதுகிறார்கள். அச்சு கண்டுபிடித்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் கையால் பிரதியெடுக்கும் மரபைக் கைவிடாதவர்கள் நம் ஆசிரியர்கள்.

நான் படித்தது பி.காம். அதில் மறக்காமல் இருக்கும் சில விஷயங்களில் ஒன்று, குறிப்பேடு என்ற சொல். கணக்குப்பதிவியலில் நடவடிக்கை நடந்த பிறகு, அன்றன்றைக்கு, தேதி போட்டு எழுதுவதுதான் குறிப்பேடு. அதிலிருந்துதான் பேரேட்டுக்குக் கணக்கு போகும். பள்ளிக்கூடத்திலோ குறிப்பேட்டை நடப்பதற்கு முன்பே எழுதி, கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள். எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் பட்ஜெட். பட்ஜெட் போடுவது தப்பில்லை. ஆனால் எந்தக் கம்பெனியிலும் பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி இருக்கும்: உண்மையில் ஆனது எவ்வளவு. அதற்கும் பக்கத்தில் மூன்றாவது: வித்தியாசம் எவ்வளவு, ஏன். அடுத்த பட்ஜெட்டை அந்த மூன்றாவது பத்தியிலிருந்துதான் போடுவார்கள்.

டீச்சரின் பெரிய நோட்டில் அந்த இரண்டு பத்தியும் இல்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குத் தலா நான்கு பாடம்: தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல். மூன்று முதல் ஐந்து வரை அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனி என்பதால் தலா ஐந்து. மொத்தம் 23. கல்வி உரிமைச் சட்டம் 2009 தொடக்கப் பள்ளிக்கு வருஷத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என்கிறது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது.

ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் இருந்தால் 4,000 மணி நேரம். அதை 23 பாடத்துக்குப் பங்கு போட்டு, மூன்று பருவத்துக்கும் வகுத்தால், ஒரு பருவத்தில் ஒரு பாடத்துக்குச் சுமார் 58 மணி நேரம். இரண்டே ஆசிரியர் என்றால் மொத்தமே 1,600. ஒரு பாடத்துக்கு 23 மணி நேரம். பாடப் புத்தகம் மட்டும் ஒன்றேதான். 58 ரூபாய்க்கான மளிகைப் பட்டியலைக் கையில் கொடுத்து 23 ரூபாயோடு கடைக்கு அனுப்புகிற மாதிரி.

அனுபவமுள்ள ஆசிரியர் கெட்டிக்காரத்தனமாகச் சமாளிப்பார். ஒரு வகுப்பு கேட்கும்போது இன்னொன்று எழுதும், மூன்றாவது மணிகளை வைத்து எண்ணிக்கொண்டிருக்கும். மூன்று வகுப்பையும் சேர்த்து உட்கார வைத்து ஒரே கதையை மூன்று விதமாகச் சொல்வார். ஆனால் இதற்குத்தான் அதிகத் திட்டம் வேண்டும். பெரிய பள்ளியில் திட்டம் இல்லாமல்கூட ஒரு நாளை ஓட்டிவிடலாம். ஈராசிரியர் பள்ளியில் முடியாது. இதில் ஓர் ஆசிரியர் பயிற்சிக்கோ, கூட்டத்துக்கோ போய்விட்டால் மிச்சம் இருப்பவர் ஒருவர், வகுப்பு ஐந்து.

இந்தச் சிக்கல் அரசுக்குத் தெரியாதா? தெரியும். சொல்லப்போனால் கடந்த இருபது வருஷத்துத் தொடக்கக் கல்விச் சீர்திருத்தங்களில் பலவும் இதைச் சுற்றித்தான். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியைப் பார்த்து, செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படியாக அடுக்கி, பிள்ளை தன் வேகத்தில் ஏறட்டும் என்றார்கள். 2007-08இல் மாநிலம் முழுக்கப் போனது. பத்து நாள் லீவு போட்ட பிள்ளை, திரும்பி வந்து தான் விட்ட படியிலிருந்தே தொடரலாம். அருமையான யோசனை. ஆனால் போகப்போக, அட்டை எடுத்துக் கொடுப்பவர்தான் ஆசிரியர் என்று பல இடங்களில் ஆனது. 2012-13இல் முப்பருவ முறை வந்தது. மூட்டையின் கனம் குறைந்தது. கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. எழுத்தே மறந்து வந்த பிள்ளைகளுக்காக 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் ஆசிரியர் கையேடு. பாட்டு, கதை, பொம்மலாட்டம், விளையாட்டு என்று கையேட்டில் சரக்கு இருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியருக்கு அது பெரிய துணை. கூடவே கைபேசிச் செயலியில் மதிப்பீட்டை ஏற்றும் வேலையும் வந்தது. அதைப் பற்றி ஆசிரியர்கள் புலம்பியதையும் கேட்டிருப்பீர்கள்.

இந்தத் திட்டங்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஒவ்வொன்றும் போன திட்டத்தின் ஓர் ஓட்டையை அடைத்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. திட்டம் மேலிருந்து கீழே வருகிறது. புள்ளிவிவரம் கீழிருந்து மேலே போகிறது. ‘நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன், நடக்கல, ஏன்னா...’ என்று ஆசிரியர் தொடங்கும் வாக்கியத்துக்கு எந்தப் பாதையிலும் இடமில்லை.

இது நம் ஊர் விவகாரம் மட்டுமல்ல. ஆப்பிரிக்காவில் இந்தச் சோதனையை அதன் எல்லை வரை கொண்டுபோய்ப் பார்த்தார்கள். 2009இல் கென்யாவில் பிரிட்ஜ் என்ற தனியார் நிறுவனம் ஏழைக் குடும்பங்களுக்காகக் குறைந்த கட்டணப் பள்ளிகளைத் தொடங்கியது. ஆசிரியர் கையில் ஒரு டேப்லட். பாடம் வேறெங்கோ தயாராகி அதில் வந்து இறங்கும். ஆசிரியர் என்ன சொல்ல வேண்டும், எப்போது கேள்வி கேட்க வேண்டும் என்பது உட்பட எல்லாம் அதில் இருக்கும். ‘ஆசிரியரை ரோபோ ஆக்கிவிட்டார்கள்’ என்று உலகம் முழுக்கக் கண்டனம். ஆனால் 2022இல், நோபல் பரிசு பெற்ற பொருளாதார நிபுணர் மைக்கேல் கிரீமரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, அந்தப் பிள்ளைகள் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிடக் கணிசமாக அதிகம் கற்றிருப்பதாகச் சொன்னது.

எனக்குப் பிடிக்காத முடிவு. ஆனாலும் சொல்லியாக வேண்டும். திட்டமே இல்லாத வகுப்பைவிட, யாரோ எழுதிக் கொடுத்த திட்டம் உள்ள வகுப்பு மேல். அதனால் கையேட்டைக் கிழித்துப் போடுங்கள் என்று நான் எழுதப்போவதில்லை. என் கேள்வி வேறு. கையேட்டை எழுதியவருக்குத் தெரியாத ஒரு விஷயம் ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் அவர் என்ன செய்வது?

அதற்கான விடை அந்தச் சின்ன நோட்டில் இருந்தது. மூன்று தடவை கேட்ட பிறகு, “பேரெல்லாம் எழுதிறாதீங்க தம்பி” என்ற நிபந்தனையோடு கொடுத்தார்.

பென்சில் எழுத்து. பாதி வாக்கியங்கள், கோழிக்கிறுக்கல். ‘மணி பார்த்தல் மறுபடி. முள் ரெண்டும் ஒரே நீளம்னு நினைக்கிறான்.’ ‘ஆங்கிலக் கதை ஓடல. பனி பெய்யிறதுன்னா என்னன்னு கேட்குறாங்க.’ ‘ரெண்டாங் கிளாஸ் தானா பாட்டுக் கட்டிருச்சு, அதையே வச்சுக்கலாம்.’ ‘பொங்கலுக்கு அடுத்த நாலு நாள் புதுப் பாடம் வேண்டாம். பாதிப் பேரு அவனியாபுரம் மாட்டப் பத்தியேதான் பேசுவாங்க. அதையே எழுதச் சொல்லலாம்.’

சென்னையில் உட்கார்ந்து கையேடு எழுதுபவருக்கு அவனியாபுரம் தெரிய வேண்டிய அவசியமில்லை. டீச்சருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்ததை அவருடைய திட்டத்தில் எழுத வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பக்கத்தில் டிசம்பர் தேதி. ‘வகுத்தல் முழுசா. அவளுக்கு மட்டும்.’

“இது என்ன டீச்சர்?”

ஐந்தாம் வகுப்புப் பெண். பொங்கல் முடிந்ததும் அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விடுவாள். மழைக்காலம் தொடங்கினால்தான் ஊர் திரும்புவார்கள். மூன்றாம் பருவம் என்ற ஒன்று அவளுக்குக் கிடையாது. போன வருஷமும் அப்படித்தான். டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்திருக்கிறார். முன்பணம் வாங்கியாகிவிட்டது, பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போக என்று அம்மா கேட்டிருக்கிறார். பதில் சொல்ல முடியவில்லை.

“சூளையில ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு கூலி தம்பி. கணக்கு எழுதுறவன் சொல்றதுதான் கணக்கு. வகுத்தல் தெரிஞ்சா அவளே பார்த்துக்குவா. பாடம் வர்ற வரைக்கும் நான் காத்திருந்தா அவ இருக்க மாட்டா. அதான் டிசம்பர்லயே மதியம் மதியம் உட்கார வச்சுச் சொல்லிக் குடுத்துட்டேன்.”

“பெரிய நோட்டுல என்ன எழுதுனீங்க?”

டீச்சர் சிரித்தார். “திருப்புதல்.”

அந்தப் பள்ளியில் அந்த மாதம் நடந்த மிக முக்கியமான பாடம் அதுவாகத்தான் இருக்கும். அரசாங்க ஆவணப்படி அது நடக்கவே இல்லை. ஒரு நல்ல ஆசிரியர் சரியானதைச் செய்துவிட்டு, அதை மறைக்கப் பொய்யும் எழுத வேண்டியிருக்கிறது என்றால் கோளாறு அவரிடம் இல்லை, நோட்டில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குச் சூளைப் பக்கத்திலேயே ஒரு வகுப்பு ஏற்பாடு செய்யலாமா என்று மேலே யாராவது யோசிக்க வேண்டுமென்றால்கூட, முதலில் அவள் போகிறாள் என்பது எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘மாணவர்கள் அறிந்துகொள்வர்’ என்ற வாக்கியத்தில் அவளுக்கு இடமில்லை.

நோட்டை யாருக்குக் காட்டுவது என்ற பயம் இந்தப் பக்கத்து மண்ணுக்குப் புதிதல்ல. 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்கள் மேல் பாய்ந்தபோது, பெரியவர்கள் கைரேகை வைத்தது ஒரு நோட்டில். ராத்திரி ஸ்டேஷனுக்குப் போய்ப் பெயர் கொடுத்துப் படுத்ததும் ஒரு நோட்டுக்காகத்தான். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947இல்தான் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. அதே காலகட்டத்தில், ‘சீர்திருத்தம்’ என்ற பெயரில் அதே அரசாங்கம் தொடங்கியதுதான் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். அங்கேயும் ஒரு நோட்டு: வருகைப் பதிவேடு. ஒரே ஊர், ஒரே குடும்பம். அப்பாவின் பெயர் ஒரு நோட்டில், பிள்ளையின் பெயர் இன்னொரு நோட்டில். ஒன்று ஆளைக் கண்காணிக்க, மற்றது ஆளாக்க.

பாடக் குறிப்பேடு இந்த இரண்டில் எந்த ஜாதி? இன்றைக்கு அதிகமும் முதல் ஜாதியாகத்தான் இருக்கிறது. ஆசிரியர் வேலை செய்தாரா என்று பார்க்கத்தான் அதைப் புரட்டுகிறார்கள். ஏமாற்றுகிற ஆசிரியர்களே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறார்கள். ஆனால் அவர்களைப் பிடிக்க இந்த நோட்டு உதவாது. ஏமாற்றுகிறவரின் நோட்டுதான் எப்போதும் அழகாக இருக்கும். எந்த ஆடிட்டரைக் கேட்டாலும் சொல்வார்.

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் வலது பாதியைக் காலியாக விடுங்கள், தலைப்பு, ‘நடந்தது’. அதில் ‘நடக்கவில்லை’ என்று எழுதியவருக்கு மெமோ கிடையாது என்று ஒரு வரி உத்தரவு போடுங்கள். குறுவள மையக் கூட்டங்களில் திரையில் படம் காட்டுவதைக் குறைத்துக்கொண்டு, பக்கத்துப் பக்கத்து ஊர் ஆசிரியர்கள் அந்த வலது பாதியை மட்டும் மாற்றி மாற்றிப் படிக்கட்டும். பனி பெய்யும் கதை ஓடாதது ஒரு பள்ளியில் மட்டுமா, பத்துப் பள்ளியிலுமா என்று தெரியும். பத்திலும் என்றால் கையேட்டை எழுதுகிறவருக்கும் தெரியட்டும். அடுத்த வருஷத்துக் கையேடு அங்கிருந்து தொடங்கட்டும்.

இன்னொன்று நேரம். ஆசிரியரின் வாரம் 45 மணி நேரம், அதில் தயாரிப்பும் அடக்கம் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அதாவது திட்டம் போடுவதும் வேலைதான். வேலை நேரத்தில் செய்ய வேண்டிய வேலை. ஆனால் அந்த நேரம் எங்கே போகிறது என்று எந்த ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள். பதிவேற்றத்துக்கு, படிவத்துக்கு, பட்டியலுக்கு. கடைசியில் ஒரு பருவத்துக்கான யோசனை, ஞாயிற்றுக்கிழமை காலை ஓர் ஆலமரத்தடிக்கு வந்து சேர்கிறது.

வெயில் ஏறிவிட்டது. டீச்சர் இரண்டு நோட்டையும் பையில் வைக்கும் முன் மறுநாள் பக்கத்தைப் பார்த்தேன். பெரிய நோட்டில் பாடத்தின் தலைப்பு, கற்றல் விளைவு, ஆர்வமூட்டல், எல்லாம் முத்து முத்தாக.

சின்ன நோட்டில் முதல் வரி: ‘யார் யார் வந்திருக்காங்கன்னு பார்க்கணும்.’